பால் பல்லில் சொத்தை: விடுவதா, கறுப்பு மருந்தா, கேப்பா, பிடுங்குவதா?

ராத்திரி ஒன்பதரை மணிக்கு, முறுக்கு பல்லில் மாட்டிக்கொண்டது என்று சின்னவள் அழ ஆரம்பித்தாள். மடியில் படுக்கவைத்து, போன் டார்ச்சை அடித்து, துணுக்கை எடுத்தாயிற்று. எடுத்த பிறகுதான் அது ஏன் அங்கே போய் மாட்டியது என்று தெரிந்தது. கீழ் வரிசையில் வலது பக்கம், கடைசிப் பல்லுக்கும் அதற்கு முந்தின பல்லுக்கும் நடுவில் ஒரு பள்ளம். மேலாகப் பார்த்தால் பல் நன்றாகத்தான் இருக்கிறது. ஓரத்தில் மட்டும், வெள்ளைக்கு அடியில் பென்சிலைத் தேய்த்த மாதிரி ஒரு சாம்பல் நிழல். டார்ச்சை மேலே திருப்பினேன். மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிப் பழுப்புக் கோடு. தினமும் நான்தான் தேய்த்துவிடுகிறேன். ஒருநாளும் உதட்டைத் தூக்கிப் பார்த்ததில்லை.

அவளுக்கு அப்போது நாலரை வயது. அடுத்த பத்து நாளில் எங்களுக்கு ஐந்து விதமான யோசனை கிடைத்தது.

அத்தை சொன்னது: "விழப்போற பல்லுதானேம்மா. கிராம்பு வச்சு அமுக்கு, சரியாப் போயிடும்." வீட்டுக்காரர் சொன்னது: "பேசாம பிடுங்கிடலாம், வேலை முடிஞ்சது." முதலில் போன கிளினிக்கில் சொன்னது: எட்டுப் பல் போய்விட்டது, ஐந்துக்கு ரூட் கெனால், எட்டுக்கும் கேப், முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் முடித்துவிடலாம், இந்த வாரமே வந்துவிடுங்கள். இதைச் சொல்ல அவர்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. பல் டாக்டராக இருக்கும் பள்ளித் தோழி போனில் சொன்னது: "கறுப்பு மருந்து போட்டுப் பாருடி." கடைசியாக, குழந்தைகள் பல்லுக்கென்றே எம்.டி.எஸ். படித்த ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் எஃகு கேப், அதுவும் ஊசியும் டிரில்லும் இல்லாமல் என்றார்.

ஒரே வாய், ஒரே சொத்தை, ஐந்து தீர்ப்பு. எதை நம்புவது? நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்ததுதான் கீழே இருப்பது. நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தையின் பல்லைப் பார்க்காமல் என்னாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. டாக்டர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதையாவது சொல்லிவிடலாம்.

எதற்கும் முன்னால் இரண்டு கேள்வி

முதல் கேள்வி: இந்தப் பல் இன்னும் எத்தனை வருஷம் வாயில் இருக்க வேண்டும்?

"பால் பல்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதில்தான் குழப்பமே. மொத்தம் 20 பால் பற்கள். மேல் முன்பற்களில் நடுவில் இருப்பவை 6, 7 வயதில் விழும். அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவை 7, 8 வயதில். கடைவாய்ப் பால் பற்களின் கதை வேறு. கடைசியில் இருப்பது 10 முதல் 12 வயது வரை இருக்கும். ஆக, நாலரை வயதுக் குழந்தைக்கு முன்பல் இன்னும் இரண்டு மூன்று வருஷ விருந்தாளி. கடைசிக் கடைவாய்ப் பல்லோ இன்னும் ஆறு வருஷமாவது சோறு மெல்ல வேண்டிய பல். அத்தை சொன்னது முன்பல்லுக்கு முக்கால்வாசி சரி. கடைவாய்ப் பல்லுக்குச் சரியில்லை.

இரண்டாவது கேள்வி: சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டதா?

பெரியவர்கள் பல்லைவிடப் பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் அறை அளவில் பெரியது. அதனால் மேலே கடுகளவு ஓட்டை இருக்கும்போதே உள்ளே பெரிதாகத் தோண்டியிருக்கும். எங்களுக்குக் காட்டிய எக்ஸ்ரேயில் பல்லுக்குள் ஒரு கறுப்பு மேகம். அதற்கும் நரம்பு அறைக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. "இந்தக் கோடு இருக்கிற வரைக்கும் நமக்குப் பேரம் பேச இடம் இருக்கும்மா" என்றார் டாக்டர். இனிப்போ ஐஸோ பட்டதும் சுரீரென்று வலித்து உடனே அடங்கினால் நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. ஒன்றும் சாப்பிடாதபோதே தானாக வலிப்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஈறில் முகப்பரு மாதிரிக் கொப்புளம், கன்ன வீக்கம், விழும் வயது வராமலே பல் ஆடுவது, இதில் ஏதாவது இருந்தால் நரம்பு போய்விட்டது அல்லது போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது கறுப்பு மருந்துக்கும் டிரில் இல்லாத கேப்புக்கும் வேலை கிடையாது. காய்ச்சலோடு முகம் வீங்கினால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல் யாராவது தொகை சொன்னால், அந்தத் தொகைக்கு மதிப்பில்லை என்பது என் கட்சி.

விட்டுவிடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை இருந்த, 3 முதல் 7 வயது வரையிலான 1144 குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான முறை: சொத்தையைச் சுரண்டி அடைப்பது. இன்னொரு பிரிவுக்கு, சொத்தையை உள்ளேயே வைத்து மூடிவிடும் முறை. மூன்றாவது பிரிவுக்குத் தடுப்பு மட்டும், அதாவது பல் தேய்க்கச் சொல்லித் தருவது, சாப்பாட்டு யோசனை, ஃப்ளோரைடு பூச்சு. முடிவு 2020இல் வந்தது. ஏறக்குறைய மூன்று வருஷத்தில், வலியோ சீழோ வந்த குழந்தைகள் மூன்று பிரிவிலுமே 40 சதவீதத்துக்கும் 45 சதவீதத்துக்கும் நடுவில். பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு? இன்னொரு தடவை படித்த பிறகுதான் இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, "தடுப்பு மட்டும்" என்பது நம் வீட்டு "விட்டுடு, விழுந்துடும்" கிடையாது. திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்து, பூச்சு போட்டு, கண்காணித்தார்கள். நாம் விட்டால் விட்டதுதான்; அடுத்து டாக்டரைப் பார்ப்பது ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அலறிய பிறகு. இரண்டு, எந்த வைத்தியம் செய்தாலும் ஐந்தில் இரண்டு குழந்தைக்கு மறுபடி தொல்லை வந்திருக்கிறது. சொத்தை உண்டான காரணத்தைத் தொடாமல் பல்லை மட்டும் ரிப்பேர் செய்தால் இப்படித்தான்.

எங்கள் வீட்டுக் காரணம் என்ன என்று தேட ரொம்ப தூரம் போகவில்லை. மூன்று வயது வரைக்கும் சர்க்கரை போட்ட பால் பாட்டிலைச் சப்பிக்கொண்டே தூங்கினாள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பால் மேல் முன்பல்லைச் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ் முன்பல் தப்பித்துக்கொள்வது, நாக்கு அதை மூடிக்கொள்வதால். மேலே நாலும் பழுப்பு, கீழே நாலும் பளிச்சென்று இருந்தால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "பாட்டில் உண்டா?" என்பதுதான்.

விடுவது எப்போது சரி? பல் இன்னும் ஒரு வருஷத்துக்குள் விழப்போகிறது, வலி இல்லை, சொத்தை கெட்டியாக, பளபளப்பாக நின்றுவிட்டது என்றால் தாராளமாக விடலாம். பெரியவனுக்கு ஒன்பது வயதில் ஒரு பல்லை அப்படித்தான் விட்டோம். அது தானாக விழுந்து, பாட்டி கையால் சாணி உருண்டைக்குள் போய், கூரை மேல் ஏறியது.

கறுப்பு மருந்து

இதன் பெயர் சில்வர் டயமைன் ஃப்ளோரைடு. சுருக்கமாக எஸ்.டி.எஃப். ஜப்பானில் 1970களிலிருந்து புழங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதுவும் உண்டு. இவ்வளவு இருந்தும், நாங்கள் முதலில் போன கிளினிக்கில் இப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் வாய் திறக்கவில்லை. சொட்டு மருந்துக்கு என்ன பில் போட முடியும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

வேலை எப்படி? வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு மெத்தென்று ஆகிவிட்ட பல்லைக் கெட்டியாக்குகிறது. வழக்கமாகப் புழங்கும் 38 சதவீதக் கரைசலில் 44,800 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 44,800 பங்கு) அளவுக்கு ஃப்ளோரைடு இருக்கிறது. பெரியவர்களின் பேஸ்டில் நம் நாட்டில் 1000க்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் இதை வீட்டில் வாங்கிப் போடும் பேச்சே வேண்டாம். டாக்டர் உதட்டில் வாசலின் தடவினார், பஞ்சால் பல்லைத் துடைத்துக் காயவைத்தார், நுனியில் பூ மாதிரி இருக்கும் ஒரு குட்டிக் குச்சியில் ஒரு சொட்டைத் தொட்டு, சொத்தை மேல் வைத்து ஒரு நிமிடம் தேய்த்தார். ஊசி இல்லை, சத்தம் இல்லை. "இரும்பு மாதிரி இருக்கு" என்று மூஞ்சியைச் சுளித்தாள், அவ்வளவுதான்.

விலை வேறு இடத்தில். சொத்தை இருந்த இடம் அட்டக் கறுப்பாகிவிடும், அது போகாது. நல்ல பல்லைக் கறுப்பாக்காது, சொத்தையை மட்டும்தான். கன்னத்தில் பட்டால் பழுப்புக் கறை ஒரு வாரம் இரண்டு வாரத்தில் போய்விடும். சட்டையில் பட்டால் போகாது, வெள்ளை யூனிஃபார்மோடு அழைத்துப் போகாதீர்கள். ஒரு தடவை போட்டால் போதாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட வேண்டும். வெள்ளி ஒவ்வாமை இருந்தாலும், வாயில் புண் இருந்தாலும் போடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது சொத்தையை நிறுத்தும், ஓட்டையை அடைக்காது. எங்கள் கடைவாய்ப் பல்லில் ஏற்கெனவே முறுக்கு போய் உட்காரும் அளவுக்குப் பள்ளம். அங்கே மருந்தைப் போட்டாலும் தினமும் சாப்பாடு மாட்டும், அந்த இடுக்கில் பிரஷ் போகாது. முன்பற்களோ தட்டையானவை, எச்சில் கழுவும், பிரஷ் படும், இரண்டு மூன்று வருஷத்தில் விழுந்துவிடும். ஆக முன்பல்லுக்குக் கறுப்பு மருந்து என்று முடிவு செய்தோம்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு. "பொம்பளப் பிள்ளை, பல்லு கறுப்பா இருந்தா எப்படிம்மா?" என்றார் அத்தை. பழுப்பு சரி, கறுப்பு கூடாதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் குழந்தைகளை நானும் பார்த்திருக்கிறேன். அப்படிக் கூச்சப்படும் குழந்தை என்றால், மருந்து போட்டுச் சொத்தை நின்ற பிறகு மேலே வெள்ளைச் சிமெண்டு வைத்துக் கறுப்பை ஓரளவு மறைக்கலாம். எங்களவள் கூச்சப்படும் ரகம் இல்லை. பள்ளி ஆண்டு விழாப் போட்டோவில் எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அடைப்பதா, கேப்பா

பல்லின் மேல்பக்கக் குழியில் சின்ன சொத்தை என்றால் அடைத்தால் போதும். இதில் பேச ஒன்றும் இல்லை. இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள சொத்தைதான் வம்பு. அங்கே வைத்த சிமெண்டுக்குப் பிடிமானம் குறைவு. மெல்லும் அழுத்தத்தில் உடையும், ஓரத்தில் மறுபடி சொத்தை இறங்கும். கடைவாய்ப் பால் பல்லில் அடைப்பையும் கேப்பையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் காக்ரேன் குழு வெளியிட்ட அறிக்கை, அடைத்த பற்களைவிடக் கேப் போட்டவற்றில் பிற்பாடு வலியும் தொல்லையும் குறைவு என்றது. மாவாட்டும் கல் மாதிரி ஆறு வருஷம் உழைக்க வேண்டிய பல்லுக்கு ஒட்டுப் போடுவதைவிடத் தொப்பி போடுவது மேல்.

கேப்பில் இரண்டு வழி இருக்கிறது என்பது எனக்குப் புதிது. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்தது: மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, தேவைப்பட்டால் நரம்பு வேலை செய்து, பல்லைச் சுற்றிலும் தேய்த்து, கேப் மாட்டுவது. இன்னொன்று ஹால் முறை. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் 1980களில் கையாள ஆரம்பித்தது. சொத்தையைச் சுரண்டுவதே இல்லை. பல்லின் மேலேயே எஃகு கேப்பைச் சிமெண்டோடு வைத்து அழுத்தி மூடிவிடுவது. உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்குச் சாப்பாடு போகாது. சொத்தை அப்படியே நின்றுவிடுகிறது. கேட்கும்போது, அழுக்கை முறத்தால் மூடிவைக்கிற மாதிரி எனக்கு அருவருப்பாக இருந்தது. மேலே சொன்ன காக்ரேன் தொகுப்பில் இந்த முறையில் போட்ட கேப்களும் சேர்த்தி என்று தெரிந்த பிறகுதான் மனசு சமாதானம் ஆனது.

எங்களுக்கு நடந்தது இது. முதல் நாள், அந்தப் பல்லுக்கு இரண்டு பக்கமும் இடுக்கில் நீல நிறத்தில் குட்டி ரப்பர் வளையம் மாட்டி அனுப்பினார்கள். பல்லுக்கு நடுவே கொஞ்சம் இடம் உண்டாக்க. நாலு நாளில் ஒரு வளையத்தைக் காணோம். இட்லியோடு உள்ளே போயிருக்கும். பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் அளவு பார்த்து ஒரு கேப்பை எடுத்து, உள்ளே சிமெண்டை நிரப்பி, பல் மேல் வைத்து டாக்டர் கட்டைவிரலால் அழுத்தினார். பிறகு பஞ்சுருளையை வைத்து, "கரும்பு கடிக்கிற மாதிரி கடி பாப்பா" என்றார். கடித்தாள். டக்கென்று உட்கார்ந்தது. சுற்றிலும் ஈறு வெளுத்துப்போனதைப் பார்த்து நான்தான் பயந்தேன். மொத்தம் பத்து நிமிடம்.

அன்றைக்கு ராத்திரி, வாயை மூடினால் மற்ற பற்கள் ஒன்றோடொன்று தொடவில்லை. கேப் உயரமாக நின்றது. முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் இரண்டு நாள் தோசையைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் பற்கள் தாங்களே அனுசரித்து, கடி பழையபடி ஆகிவிட்டது. இந்தக் கேப்பைப் பிற்பாடு கழற்ற வேண்டியதில்லை. பல் விழும்போது தொப்பியோடு சேர்ந்தே விழும்.

எஃகு கேப்பில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிற குழந்தை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பல் நிறத்திலேயே வேண்டும் என்றால் ஸிர்கோனியா கேப் இருக்கிறது. அதற்குப் பல்லை நிறையத் தேய்க்க வேண்டும், ஆகவே ஹால் முறை அதில் நடக்காது. எங்களுக்குச் சொன்ன தொகை எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல். வாய்க்குள் கடைசியில் யாருக்கும் தெரியாமல் இருக்கும் பல்லுக்கு இது வீண் செலவு என்றே நினைக்கிறேன்.

நரம்பு கெட்டுவிட்டால்

வெள்ளைக் கோடு இல்லாமல் போயிருந்தால் எங்கள் கதையும் வேறு மாதிரி ஆகியிருக்கும். குழந்தைக்கு "ரூட் கெனால்" என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேலை கலந்துகிடக்கிறது. பல்லின் மேல் அறையில் உள்ள நரம்பை மட்டும் எடுத்துவிட்டு வேரில் உள்ளதைக் காப்பாற்றுவது பல்பாட்டமி. வேர் வரைக்கும் சுத்தம் செய்வது பல்பெக்டமி. எது செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். தொகையும் நேரமும் வேறு. பல்பெக்டமியில் வேருக்குள் வைக்கும் பேஸ்டும் பெரியவர்களுக்கு வைக்கும் ரப்பர் மாதிரிப் பொருள் இல்லை. கீழிருந்து நிரந்தரப் பல் ஏறி வரும்போது பால் பல்லின் வேர் கரைய வேண்டும். கூடவே இந்தப் பேஸ்டும் கரைய வேண்டும். எதைச் செய்தாலும் கடைவாய்ப் பல் என்றால் மேலே கேப் போட்டுத்தான் முடிப்பார்கள்.

பிடுங்குவது

வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்விதான்: இத்தனை பாடுக்குப் பிடுங்கினால் என்ன?

முன்பல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் 'ஸ' வராது, காற்று போகும், போட்டோவில் ஜன்னல் தெரியும். கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினால்தான் சங்கடம். ஆறு வயது வாக்கில் அதற்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது முளைத்து வரும்போது முன்னால் இருக்கும் பால் பல்லின் முதுகில் சாய்ந்துதான் தன் இடத்துக்கு வருகிறது. முதுகு இல்லை என்றால் முன்னால் சரியும். சரிந்தால், பத்துப் பன்னிரண்டு வயதில் அங்கே வர வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. பேருந்தில் ஜன்னல் சீட்டிலிருந்து எழுந்து போய்த் திரும்பி வருவதற்குள் பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்துவிட்ட கதைதான். அப்புறம் கிளிப் மாட்டி வருஷக்கணக்கில் அலைய வேண்டும்.

இடத்தைப் பிடித்துவைக்க ஒரு கம்பி வளையம் உண்டு. பக்கத்துப் பல்லில் பட்டை மாட்டி, காலி இடத்துக்குக் குறுக்கே வளைவாகக் கம்பி நீட்டியிருக்கும். நடுவில் உள்ள முதல் கடைவாய்ப் பால் பல்லைப் பிடுங்கினால், பின்னால் இருக்கும் பல்லில் இதைச் சுலபமாக மாட்டிவிடலாம். கடைசிப் பல்லை நாலரை வயதில் பிடுங்கினால் பின்னால் மாட்டப் பல்லே இல்லை. ஈறுக்குள் இறங்கும் விசேஷக் கம்பி வேண்டும், அது அவ்வளவு சுலபமான வேலை இல்லை. அதனால்தான் இந்த ஒரு பல்லுக்காக டாக்டர்கள் இவ்வளவு போராடுகிறார்கள்.

ஆனால் சீழ் வைத்து, எலும்பு கரைந்து, வேர் கெட்டுவிட்ட பல்லைப் பிடித்துவைத்திருப்பது அதைவிடத் தப்பு. பால் பல்லின் வேருக்கு அடியிலேயே நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. மேலே சீழ் நின்றால் கீழே வரும் பல் வெளிறியோ, குழி விழுந்தோ வரலாம். அந்த நிலையில் பிடுங்குவதுதான் வைத்தியம்.

முழு மயக்கம் தேவையா

முதல் கிளினிக்கில் சொன்ன எட்டுப் பல் கணக்குக்கு வருகிறேன். முழு மயக்கம் பாவமான காரியம் இல்லை. வாய் முழுக்கச் சீழ் வைத்த சொத்தை, நாற்காலியில் உட்காரவே முடியாத இரண்டரை வயதுக் குழந்தை, ஆட்டிசம் போன்ற சிறப்புத் தேவை உள்ள குழந்தை, இவர்களுக்கு அதுதான் கருணையான வழி. நாலு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொண்டு செய்வதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது ஆப்பரேஷன்தான்: வெறும் வயிறு, மயக்க மருந்து நிபுணர், ஆஸ்பத்திரி வசதி எல்லாம் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பது பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் எச்சரிக்கை கொடுத்தது. ஒரு தடவை, கொஞ்ச நேரம் கொடுப்பதற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

எங்களவளுக்கு வலி இல்லை, சீழ் இல்லை, டாக்டர் சொன்னால் வாயைத் திறக்கிறாள். அவளுக்கு எதற்கு? எக்ஸ்ரேயோடு பார்த்த இரண்டாவது டாக்டர் எட்டை ஐந்தாகக் குறைத்தார். அதிலும் நாலு முன்பல். தொகை பெரிதாக இருந்தால் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், அது உங்களுடையது.

காசு இடிக்கிறது என்றால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளை மறக்க வேண்டாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பதில் குழந்தைகளுக்கென்றே தனித் துறை உண்டு. புதுக்கோட்டையில் 2023இல் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். தனியார் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் குறைவாகவே வாங்குகிறார்கள். காலையிலேயே போக வேண்டும், நாலைந்து தடவை அலைய வேண்டும், படிக்கிற பிள்ளைகள் பார்த்துப் பிறகு பெரிய டாக்டர் பார்ப்பார். நேரம் இருப்பவர்களுக்கு நல்ல வழி.

பேஸ்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை

குழந்தை பேஸ்ட் என்று கடையில் வாங்கியதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஃப்ளோரைடு இல்லை என்று பெருமையாகப் போட்டிருந்தது. நாலு வருஷமாக வெறும் ஸ்ட்ராபெரி வாசனையைத்தான் தேய்த்திருக்கிறேன். ஃப்ளோரைடு எவ்வளவு பிபிஎம் என்று டியூபில் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம், தேடிப் பாருங்கள். முதல் பல் முளைத்ததிலிருந்து 1000 பிபிஎம் பேஸ்ட், மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு, தேய்த்த பிறகு துப்பச் சொன்னால் போதும், கொப்பளிக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். பல்லில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டு வருவதும் எலும்பு வளைவதும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. அங்கே போர் தண்ணீர் குடிக்கும் வீடு என்றால், எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்று உள்ளூர்ப் பல் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

இப்போது அவளுக்கு ஆறு வயது. முன்பல்லில் மூன்று தடவை மருந்து போட்டாயிற்று. நடுப்பல் ஒன்று ஆட ஆரம்பித்திருக்கிறது, நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கிறாள். எஃகுப் பல்லை வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் வாயைத் திறந்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. போன வாரம் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது, கேப்புக்குப் பின்னால் ஈறைக் கீறிக்கொண்டு மூன்று வெள்ளை முனை. இதையும் பால் பல் என்றே நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள், முன்னால் எதுவும் விழாமலே முளைப்பதால். இதுதான் கடைசி வரைக்கும் இருக்கப்போகும் முதல் பல். முழுசாக வெளியே வந்ததும், மேலே உள்ள குழிகளை அடைத்து மூடும் சீலண்ட் பூச்சு போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த மாசம் காட்டப் போகிறோம்.